எஸ்தர் சம்பந்தியம்மா விட்டுப்போன இடம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வார்த்தை வரவில்லை. உங்கப்பாவிடம், "பேசுனா பாதியில அழுதுருவேன், இல்லன்னா கத்திருவேன். எழுதிடறேன்" என்றேன். அவர் தையல் மிஷினை நிறுத்தாமலே, "எழுது, நிதானமா எழுது" என்றார். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே, பெரிதாக்கிப் படித்துக்கொள்.

நீ கேட்டது இதுதான். "அபியை அவங்க ஜனங்க அவங்கம்மா இடத்துல நிக்கச் சொல்றாங்கம்மா. எனக்கு டெக்சாஸ்ல நல்ல வேலை கெடச்சிருக்கு. அவங்க ஊர விட்டு வர மாட்டேங்கறா. நீ சொன்னா கேப்பா. நீயே பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவ, அதுல எவ்ளோ கஷ்டம்னு ஒனக்குத் தெரியும்ல. எடுத்துச் சொல்லும்மா." இப்படி நீ கெஞ்சியபோது பாவமாகத்தான் இருந்தது. நீ ஆசைப்படுவதில் தப்பு இல்லை. நம் கீழத்தெருவில் இருந்து பெரம்பலூர் காலேஜுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்தவன், இன்னும் மேலே போக நினைப்பது சரிதான். ஆனால் என் மருமகளிடம் நீ சொல்லச் சொன்னதை நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று உன்னிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு எஸ்தர் சம்பந்தியம்மாவைப் பற்றி, நீ பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் கல்யாணத்துக்காக அவர் திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கிய நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அமெரிக்காவில் இருந்து பெண்ணோட அம்மா வருகிறார் என்றதும், தெருவே வெள்ளைக்காரியை எதிர்பார்த்துக் காத்திருந்தது. காரை விட்டு இறங்கியது மாநிறத்தில், கன்ன எலும்பு தூக்கின, நரைத்த கூந்தலை ஒற்றைப் பின்னலாகப் போட்ட ஓர் அம்மா. பேரைக் கேட்டால் எஸ்தர். விக்கிரமங்கலத்தில் எனக்கு ஒன்பதாம் வகுப்பு எடுத்த டீச்சரும் எஸ்தர்தான். பக்கத்து வீட்டு மல்லிகா என் காதில், "என்னக்கா, நம்மாளு மாதிரி இருக்காங்க" என்றாள். நீ அதை அவருக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டாய். அவர் விழுந்து விழுந்து சிரித்து என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "எங்களையும் இந்தியர்னுதான் கூப்பிட்டாங்க. உங்க ஊரத் தேடிக் கெளம்புனவங்க எங்கள்ட்ட வந்து எறங்கி, உங்க பேர எங்களுக்கு வெச்சிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பேரத் திருப்பிக் குடுக்கலாம்னு வந்திருக்கேன்." மல்லிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள்.

சிரிக்காத ஒருத்தர் உன் பெரியப்பா. பெண் வேறு நாடு, வேறு மதம் என்பதெல்லாம் அவருக்கு முள்ளாக இருந்தது. மறுநாள் மத்தியானம் பந்தலுக்குக் கீழே எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, வெற்றிலையை மடித்துக்கொண்டே நேராக அவரைப் பார்த்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது சாதியை. எத்தனை தலைமுறையாக அந்தக் கேள்வி நம்மைத் தெருவோரம் ஒதுங்க வைத்தது! அதே கேள்வியை நம் வீட்டுப் பந்தலுக்குள் வந்த விருந்தாளியிடம் நம்மாளே கேட்கிறார். நீ மொழிபெயர்க்கத் தயங்கி என்னைப் பார்த்தாய். அபிதான், "சொல்லு, அம்மா பதில் சொல்வாங்க" என்றாள்.

சம்பந்தியம்மாவுக்கு அதில் கோபம் வரவில்லை. இப்படி ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்த்தவர் போல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாங்க வாம்பனோக். விடியற வெளிச்சம் மொதல்ல விழற கரையில இருக்கறவங்கன்னு எங்களச் சொல்லுவாங்க" என்று ஆரம்பித்தார். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களோடு நோய் வந்தது, ஊர் ஊராகச் செத்தார்கள், மிச்சம் இருந்தவர்களின் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முன்னூறு வருஷத்துக்கும் மேலே இருக்கும், அவர்களில் ஒரு பகுதிக்கு ஒரு பெண் தலைவியாக இருந்தாளாம். அவள் ஒருத்தருக்கு மனைவி என்பதற்காக வந்த பட்டம் இல்லை, அவளே ஆள்கிறவள். நிலத்தைக் காக்கப் போர் நடந்தபோது ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனாள். கடைசியில் ஆற்றைக் கடந்து தப்பும்போது மூழ்கிச் செத்தாள். உடம்பைக் கண்டெடுத்தவர்கள் தலையை வெட்டிக் கம்பத்தில் செருகி வைத்தார்கள். சிறைப்பட்டுக் கிடந்த அவளுடைய ஜனங்கள் அந்தத் தலையை அடையாளம் கண்டு வாய்விட்டு அழுதார்களாம். அதற்கப்புறம் சொந்த நிலத்திலேயே அடுத்தவர் வீட்டுக்கு வேலைக்காரர்களாக நின்றார்கள். மொழிகூட வாயை விட்டுப் போய்விட்டது. நீ இதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வரும்போது உன் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நான் கவனித்தேன்.

அப்புறம் தன்னைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடந்ததாம். "இந்தக் கரையில் வாழ்ந்த மக்கள் இப்போது இல்லை" என்று டீச்சர் வாசித்தாராம். சின்னப் பிள்ளை எஸ்தர் கையைத் தூக்கி எழுந்து, "டீச்சர், நான் இருக்கேனே" என்றாளாம். உட்கார் என்று சொல்லி டீச்சர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து சொன்னால் அவர் அம்மாவும், "இதெல்லாம் வெளியில சொல்லாதே" என்று வாயைப் பொத்தினார். பெரியவளானதும் அதே ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார். பழைய காகிதங்களில் எழுதிக்கிடந்த மொழியை அவர்கள் ஆட்கள் சிலர் எழுத்துக்கூட்டித் திரும்பப் பேச ஆரம்பித்தபோது, நாற்பது வயசுக்கு மேலே இவரும் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கற்றதைத் தன் பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பாலத்தில் பஸ் ஏறினால் ஆற்றுக்கான சொல், வளைவில் திரும்பினால் மரத்துக்கான சொல், கடல் தெரிந்தால் கடலுக்கு. பிள்ளைகள் கத்திக்கொண்டே வருவார்களாம். அவர்கள் ஜனங்கள் அவரைத் தங்கள் பஞ்சாயத்து மாதிரியான சபைக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் காலையில் பஸ் ஓட்டிவிட்டுத்தான் சபைக்குப் போனார்.

அவர் முடிக்கிறவரை பெரியப்பா வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் மெதுவாக, "அப்ப நம்மள மாதிரிதான். சொந்த மண்ணுல கூலிக்கு நின்னவங்க" என்றார். அதை நீ மொழிபெயர்த்தபோது சம்பந்தியம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று மண்டபத்தில் முதல் தாம்பூலத் தட்டு யாருக்கு என்று ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது, "எங்க சம்பந்தியம்மாவுக்குக் குடுங்கடா, அவங்க தலைவரு" என்று அதட்டினவரும் அதே பெரியப்பாதான்.

இதெல்லாம் நீயும் பார்த்தது. நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீயும் அப்பாவும் மண்டபத்தைப் பார்க்கப் பெரம்பலூர் போயிருந்தீர்கள். ஏரியைப் பார்க்க வேண்டும் என்று சம்பந்தியம்மா கேட்டார். நான், அவர், அபி மூன்று பேரும் நடந்தே போனோம். பேசுவதற்கு அபியின் அரைத் தமிழ்தான் துணை. ஓடையைத் தாண்டும்போது அவர் குனிந்து ஒரு கல்லைக் கையில் எடுத்தார். நம் பக்கத்து ஓடைகளில் கிடக்கும், சிப்பி அப்படியே கல்லாகிப்போன சிப்பிக்கல்தான். சின்ன வயதில் நாங்கள் அதை வைத்துத்தான் விளையாடுவோம். அவருக்குக் கண் விரிந்துவிட்டது. அவர் அப்பா கடல் சேற்றில் சிப்பி தோண்டி விற்றவர், அதனால் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "இங்க கடல் இருந்துச்சா?" என்றார். எப்போதோ, மனிதர்கள் வருவதற்கெல்லாம் முன்னால் இருந்ததாம் என்றேன். "உங்க ஊர விட்டுக் கடல் போயிருச்சு. எங்கள கடல விட்டுப் போகச் சொன்னாங்க. நாங்க போகல" என்று சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே கல்லை வைத்தார்.

கரை மேல் ஏறினோம். மல்லிகாவும் நூறு நாள் வேலைப் பெண்கள் சிலரும் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா தன் பையில் இருந்து கொஞ்சம் புகையிலையை எடுத்து, கண்ணை மூடி என்னவோ சொல்லி, தண்ணீருக்குப் பக்கத்தில் தூவினார். அவர்கள் வழக்கத்தில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மரியாதை செய்வது அப்படித்தானாம். மல்லிகா அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஏங்க, பொகையில போடுவீங்களா? கீழ கொட்டிட்டீங்களே! இந்தாங்க, எங்கிட்ட இருக்கு" என்று தன் சுருக்குப் பையில் இருந்து எடுத்து நீட்டினாள். அபிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, மல்லிகாவுக்குத் தலை வணங்கி, அதையும் ஏரிக்குப் போட்டார். "அடப்பாவமே, நல்ல பொகையிலங்க அது" என்று மல்லிகா பதறினாள். விஷயத்தை நான் விளக்கியதும் அவளும் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

இந்த ஏரிக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். நான் சொன்னேன். உனக்கு அப்போது ஐந்தாறு வயசு, பாதிதான் ஞாபகம் இருக்கும். சுண்ணாம்புக்கல் வெட்டின மண்ணை மலை மாதிரி கொட்டி வரத்து வாய்க்காலையே மூடிவிட்டார்கள். மழை பெய்தாலும் ஏரி காய்ந்து கிடந்தது. அந்த வருஷம் பஞ்சாயத்துத் தலைவர் பதவி நம் ஆட்களில் ஒரு பெண்ணுக்கு என்று ஒதுக்கினதால் நான் நின்றேன், ஜெயித்தேன். முதல் கூட்டத்துக்குப் போனால் தலைவர் நாற்காலியில் மேலத்தெருப் பெரிய மனிதர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. "நாற்காலி காலியாவுற வரைக்கும் நான் நின்னுக்கிட்டே கூட்டத்த நடத்திக்கறேங்க" என்றேன். கூட்டம் முழுக்க நின்றேன். அடுத்த கூட்டத்துக்கு நம் தெருப் பெண்கள் வந்து சுவரோரமாக என்னோடு நின்றார்கள். அவர்களில் மல்லிகாவும் இருந்தாள். அவ்வளவு பேர் நிற்க அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்துவிட்டார். அதற்கப்புறம் வாய்க்காலுக்காக அலைந்தேன். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் திங்கட்கிழமைகளில் என் முகம் அங்கே எல்லாருக்கும் பழகிப்போனது. கடைசியில் வாய்க்காலை மூடின மண்ணை அள்ளி அப்புறப்படுத்தினார்கள். அந்த ஐப்பசியில் தண்ணீர் வந்தது.

சம்பந்தியம்மா என் தோளில் கை போட்டுக்கொண்டார். அவர்கள் ஊரிலும் அதே கதைதானாம். கடலில் இருந்து ஒரு மீன் வசந்த காலத்தில் ஓடை வழியாக ஏறிக் குளத்துக்கு வந்து முட்டையிடுமாம். யாரோ எப்போதோ ஆலைக்காகக் கட்டி, ஆலையும் மூடிப்போன ஓர் அணை குறுக்கே நின்றது. ஊர்க் கூட்டம் நடக்கும்போதெல்லாம் எழுந்து அதை எடுக்கச் சொல்லியிருக்கிறார். "பஸ் ஓட்டற எஸ்தர் எந்திரிச்சிட்டா, மீன் பேச்சு பேசப்போறா" என்று கேலி செய்திருக்கிறார்கள். வருஷக்கணக்காகக் கேலியைக் கேட்டுக்கொண்டே எழுந்திருக்கிறார். ஒரு வழியாக அணையை எடுத்தார்கள். அடுத்த வசந்தத்தில் மீன் ஏறியது. முழங்கால் தண்ணீரில் நின்று காலில் மீன் மோதுவதை உணர்ந்தபோது, தன் அம்மா பொத்திய வாயால் சத்தம் போட்டுக் கூப்பிட்டாராம், "வாங்க, வாங்க" என்று, அவர்கள் மொழியில்.

அப்போது நான் விஷயம் தெரியாமல் சாதாரணமாக, "உங்க வீட்டுக்காரரும் மீன் பாக்க வந்தாரா?" என்று கேட்டேன். அபி மொழிபெயர்க்காமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துச் சம்பந்தியம்மாவே புரிந்துகொண்டு பேசினார். அபி தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள். "அப்பா நல்லவங்க, அத்தை. சண்ட இல்ல. அப்பாவுக்கு வேற மாநிலத்துல நல்ல வேல வந்துச்சு. அம்மா வரல. அப்பா போனாங்க. மொதல்ல மாசாமாசம் வந்தாங்க. அப்பறம் கிறிஸ்துமசுக்கு. அப்பறம் வரல." அவ்வளவுதான் சொன்னாள். உன்னிடம் அவள் அப்பாவும் அம்மாவும் பிரிந்தவர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள், ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் உன்னைக் கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாளாம். நேற்று அவளிடம் கேட்டு, சொல்லிக்கொள்ளுங்கள் அத்தை என்று அவள் விட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்குக் கரையில் சம்பந்தியம்மா இன்னொன்றும் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் எப்படி உங்ககூட நின்னாரு?" நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன், தம்பி. உனக்கும் அதையே சொல்கிறேன். நான் ஜெயித்த அன்றே ஊரில் பாதிப் பேர் உங்கப்பாவைத் தலைவரே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மனுவை எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டத்தில் இருக்கும் தையல் கடைக்கே போய்விடுவார்கள். இவர் வாயில் நூலோடு, "தலைவரு ஆபீஸ்ல இருக்காங்க. நான் ஜாக்கெட்டு தைக்கறவன். ஜாக்கெட்டு இருந்தா குடுங்க" என்பார். சொந்தக்காரர்கள், "பொண்டாட்டிய வெளிய விட்டுட்டு இவன் ஊசி கோக்கறான்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். கூட்டத்துக்கு என்னைக் கொண்டுவந்து விடுவார், உள்ளே வர மாட்டார். வாங்களேன், பயமாக இருக்கிறது என்று நான் முதல் நாள் கூப்பிட்டேன். "நான் வந்தா ஒன்ன யாரும் பாக்க மாட்டாங்க. எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. வெளிய நிக்கறேன், போ" என்றார். வெளியே சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார். முடிந்து வந்ததும் என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. "பசிக்குதா?" என்றார். அவர் அதிகம் பேசாதவர், இதற்கெல்லாம் என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஐந்து வருஷமும் எனக்கு முதுகு நிமிர்ந்தே இருந்தது.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில், சம்பந்தியம்மா இறந்துவிட்டார் என்று நீ போன் செய்தபோது நான் சொந்தத் தங்கையைப் போல அழுதேன். மல்லிகா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தாள். சொந்தத்தில் ஒருத்தருக்குச் செய்வது மாதிரி தலைக்குக் குளித்தோம். அவர் எந்த ஊர், என்ன மொழி என்று அங்கே பாதிப் பேருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. "பஸ் ஓட்டுன தலைவரம்மா" என்றுதான் சொல்லி அழுதார்கள். இன்றைக்கும் கீழப்பழுவூர்ப் பக்கம் இருந்து நம் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கட்டுமா என்று என்னிடம் கேட்க வந்தவள், அவர் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறாள்.

இப்போது அபிக்கு வருவோம். அவள் அம்மாவின் இடத்துக்கு அவர்கள் ஜனங்கள் அவளைக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது சும்மா வருகிற மரியாதை இல்லை. அந்தப் பஸ்ஸில் சொல் கற்ற பிள்ளைகள் இன்றைக்கு ஓட்டுப் போடும் வயசுக்கு வந்திருப்பார்கள். அவர்கள்தான் கூப்பிடுகிறார்கள். அது கஷ்டமான வேலைதான், நீ சொன்னது சரி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கூட்டத்துக்குப் போக வேண்டும். கேலி கேட்க வேண்டும். செய்தது போதாது என்று நம்மாட்களே சொல்வார்கள். ஆனால் என்னை யாராவது அன்றைக்கு, கஷ்டம், வேண்டாம் என்று தடுத்திருந்தால், நான் வீட்டில் சௌகரியமாக இருந்திருப்பேன், ஏரி காய்ந்து கிடந்திருக்கும். கஷ்டம் தெரிந்தவள் என்பதற்காகவே என்னால் அவளைத் தடுக்க முடியாது.

உன்னையும் நான் கட்டாயப்படுத்த மாட்டேன். டெக்சாஸ் வேலையை உதறு என்று அம்மா ஆணையிட்டாள் என்று பின்னாளில் உனக்கு ஒரு மனக்கசப்பு வந்தால், அதை நீ என் மேல் காட்ட மாட்டாய், அவள் மேல்தான் காட்டுவாய். அதனால் முடிவு உன்னுடையதாக இருக்கட்டும். உனக்கு ஏக்கம் இருந்தால் அவளிடம் வாய்விட்டுச் சொல், உள்ளே வைத்துப் புழுங்காதே. ஒன்று மட்டும் கேட்கிறேன். கொஞ்ச நாள் போய்விட்டு வருகிறேன், மாசாமாசம் வருகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. அந்த வார்த்தையை அவள் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறாள்.

இதுவரை எழுதி இரண்டு நாள் மூடி வைத்திருந்தேன். எறையூர்ச் சித்தி வீட்டு வளைகாப்புக்குப் போய்வந்ததில் கை ஒழியவில்லை. இன்றைக்குக் காலையில் அபி கூப்பிட்டாள். உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தை எடுக்கவில்லை, அவளே சொன்னாள். "அத்தை, அவர் ஆபீஸ்ல கேட்டாரு. டெக்சாஸ் வேலய இங்கேருந்தே பாக்கலாமான்னு. அவங்க யோசிச்சுச் சொல்றேன்னாங்களாம். சொல்லலன்னா வேற வேல தேடறேன்னாரு." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நேத்து சபை வீட்டுக்கு எங்கூட வந்தாரு. கடைசி வரிசையில உக்காந்திருந்தாரு. கூட்டம் முடிஞ்சி நாற்காலியெல்லாம் மடக்கி வெச்சாரு. எங்க ஜனங்க எங்கிட்ட, ஒம் புருஷன் நல்லா வேல செய்யறான்னு சொன்னாங்க" என்று சிரித்தாள். எனக்கு அதற்கு மேல் பேச முடியவில்லை. இந்தமுறை நிஜமாகவே சிக்னல் போய்விட்டது என்று வைத்துக்கொள்.

இதையெல்லாம் நீயே என்னிடம் சொல்லியிருக்கலாம், திருட்டுப் பயலே. நானும் இவ்வளவு பக்கம் எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கிழிக்க மனம் வரவில்லை, அனுப்பி வைக்கிறேன். அபியும் படிக்கட்டும், புரியாத இடத்தை நீ சொல்லிக்கொடு.

அவள் பதவி ஏற்கும் நாளை இன்னும் குறிக்கவில்லையாம், வசந்தத்தில் இருக்கும் என்றாள். சேதி கேட்டதில் இருந்து உங்கப்பா கடையில் இருந்த நல்ல நீலத் துணி ஒன்றை எடுத்து மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு நீ போட்டுக்கொள்ள சட்டையாம். பழைய அளவே போதுமா, இல்லை அந்த ஊர்ச் சாப்பாட்டில் சதை போட்டிருக்கிறாயா என்று கேட்கிறார். மார்பளவும் கையளவும் எடுத்து இன்றைக்கே அனுப்பு. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

அம்மா